டைபாய்டுக்குச் சோறு எப்போது

ஐம்பதுகளின் நடுவில் நான் பெங்களூரில் மருத்துவக் கல்லூரியில் நான்காம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு அல்சூரில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா மைசூர் சர்க்காரின் பொதுப்பணி இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர். வீட்டுக்குள் தமிழ், தெருவில் பாதி கன்னடம், காலேஜில் இங்கிலீஷ். மூன்று பாஷையிலும் 'தெரியாது' என்று சொல்ல வார்த்தை இருக்கிறது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் நான் இருந்த வருஷங்களில் ஒரு டாக்டர்கூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தக் காலத்தில் எங்கே படித்தவர்களும் இது தங்கள் ஆஸ்பத்திரிதான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மெடிசின் வார்டில் எனக்குக் கொடுத்த படுக்கை பதினாலாம் நம்பர். மாணவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று நோயாளிகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். அவர்களுடைய கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு, புரொபசர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒப்பிக்க வேண்டும். பதினாலாம் நம்பரில் படுத்திருந்தவர் கல்யாண ஊர்வலங்களில் டிரம்பெட் ஊதுகிற பேண்டுக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவரும் அல்சூர்தான், ஏரிக்கு அந்தப் பக்கம். டைபாய்டில் இரண்டு வாரம் வீட்டிலேயே கிடந்து, கன்னம் ஒட்டி, நெஞ்செலும்பு எண்ணக்கூடிய நிலையில் வந்து சேர்ந்தார். கட்டிலுக்கு அடியில் டிரம்பெட் பெட்டியையும் கூடவே கொண்டுவந்து வைத்திருந்தார். வீட்டில் விட்டுவிட்டு வந்தால் பேண்டு மாஸ்டர் அதை எடுத்து வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார், அப்புறம் டிரம்பெட்டும் போய்விடும் வேலையும் போய்விடும் என்று பயம்.

டைபாய்டுக்குப் புதிதாகக் கேப்சூல் வந்திருந்த காலம் அது. அதற்கு முன்பெல்லாம் மூன்று நான்கு வாரம் காய்ச்சல் எரிந்து தானாகத் தணிய வேண்டும், அல்லது ஆள் தணிய வேண்டும். கேப்சூல் வந்த பிறகு ஐந்தாம் நாளே காய்ச்சல் இறங்கிவிடும். பேண்டுக்காரருக்கும் அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் இறங்கியது. டைபாய்டு விட்டவனுக்கு வரும் பசி எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். புதன்கிழமை நான் நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது அவர் கேட்டார்.

"டாக்டரம்மா, சோறு எப்போ போடுவீங்க?"

நான் டாக்டர் இல்லை, மாணவிதான் என்று ஏற்கெனவே பல தடவை சொல்லியிருந்தேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமை ஒரு பெரிய கல்யாண ஊர்வலம் இருக்கிறதாம், பேண்டு முழுவதும் போகிறதாம். "வவுறு காலியா கெடந்தா டிரம்பெட்ல காத்து ஏறாதும்மா" என்றார். பன்னிரண்டு நாள் இருந்தது.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மிக எளிதான கேள்வியாகத்தான் அது எனக்குத் தோன்றியது.

முதலில் ஹவுஸ் சர்ஜனிடம் போனேன். அவர் ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். என்னைவிட இரண்டு வருஷம் பெரியவர், நல்லவர், எந்நேரமும் தூக்கக் கலக்கத்தில் இருப்பார். டைபாய்டுக்குப் பால், பார்லித் தண்ணீர், குளுக்கோஸ் என்று டயட் ஷீட்டில் அச்சடித்திருக்கிறது, அதனால் பால், பார்லித் தண்ணீர், குளுக்கோஸ் என்றார். காய்ச்சல் இறங்கிவிட்டதே, இனி எத்தனை நாள் என்று கேட்டேன். டயட் ஷீட்டில் அது அச்சடிக்கப்படவில்லை. அசிஸ்டன்டைக் கேள், ஆனால் நான் அனுப்பியதாகச் சொல்லாதே என்றார்.

அசிஸ்டன்ட் என்று நாங்கள் சொன்னது புரொபசருக்கு அடுத்த டாக்டரை. லண்டனில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பெங்களூரின் ஏப்ரல் மாதத்திலும் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டிருப்பார். என் கேள்வியை அவர் முழுவதும் காது கொடுத்துக் கேட்டார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, திறந்து, "ரொம்ப நல்ல கேள்வி. நீயே தேடிப் படித்து நாளைக்கு ரவுண்ட்ஸில் எங்களுக்குச் சொல்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. லண்டன் போய் வந்தவர் என் கேள்வியை நல்ல கேள்வி என்று சொல்லியிருக்கிறார். ஓடிப்போய் ஹவுஸ் சர்ஜனிடம் சொன்னேன். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, அசிஸ்டன்டுக்குத் தெரிந்த கேள்வியாக இருந்திருந்தால் இதுகூடத் தெரியாதா என்று திட்டியிருப்பார், தெரியாத கேள்விகளைத்தான் அவர் நல்ல கேள்வி என்பார் என்று விளக்கினார். அதன் பிறகு நான் கவனித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் லைப்ரரிக்குப் போனேன். மெடிசின் புத்தகம் லைப்ரரியில் இரண்டு இருந்தது. பழைய பதிப்பு மாணவர்களுக்கு. அதில் டைபாய்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பக்கம் இல்லை. எனக்கு முந்தி யாரோ ஒரு மாணவர் பரீட்சைக்கு அதை மட்டும் படித்தால் போதும் என்று முடிவு செய்து கிழித்துக்கொண்டு போயிருந்தார். புதிய பதிப்பு கண்ணாடி பீரோவில் இருந்தது. வாசலில் இருந்தே அதன் முதுகில் உள்ள தங்க எழுத்துகளைப் படிக்கலாம். எடுத்துப் படிக்க புரொபசரின் கையெழுத்து வேண்டும். லண்டனிலிருந்து கப்பலில் வந்த பத்திரிகைகள் ஒரு மூலையில் உறை பிரிக்காமல் அடுக்கிக் கிடந்தன. அவற்றை ரிஜிஸ்தரில் பதிந்து முத்திரை குத்தும் வேலை ஒரு வருஷம் பின்தங்கியிருப்பதாகவும், பதியாத ஒன்றைப் படிக்கக் கொடுப்பது எப்படி என்றும் லைப்ரரியன் என்னையே கேட்டார்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பீரோவைத் திறந்து, புத்தகத்தை அவர் மேஜையிலேயே வைத்து, அவர் டீ குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் மெதுவாக டீ குடித்தார். அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

புத்தகத்தில் பதில் இருந்தது. காய்ச்சல் விட்டதும் நோயாளிக்கு எளிதில் செரிக்கும் சத்தான ஆகாரத்தைச் சீக்கிரமே ஆரம்பிக்கலாம் என்று எழுதியிருந்தது. என்னென்ன ஆகாரம் என்றும் எழுதியிருந்தது. வேகவைத்த கடல்மீன், ஓரம் வெட்டிய ரொட்டி, முட்டை போட்ட கஸ்டர்டு, கன்றுக்குட்டியின் காலை வேகவைத்து எடுக்கும் ஜெல்லி. பேண்டுக்காரர் இவற்றில் முட்டையை மட்டும்தான் நேரில் பார்த்திருப்பார். அரிசி என்ற சொல் அந்த அத்தியாயத்தில் இல்லை. கடைசிப் பக்கங்களில் அகர வரிசையில் இருந்த சொல் அட்டவணையிலும் தேடினேன். அரிசி கழுவிய தண்ணீர் போல வரும் காலராப் பேதி என்று ஓரிடத்தில் இருந்தது.

வியாழக்கிழமை ரவுண்ட்ஸில் இதை அப்படியே ஒப்பித்தேன். கன்றுக்குட்டிக் கால் என்றதும் பின்னால் பையன்கள் சிரித்தார்கள். புரொபசர் சிரிக்கவில்லை. அவர் உயரமானவர், வெள்ளைக் கால்சட்டை, மூடிய கோட்டு, மைசூர் தலைப்பாகை. அவருடைய கையைப் பிடித்தால் காய்ச்சல் குறையும் என்று நோயாளிகள் நம்பினார்கள். அது பெரும்பாலும் குறையவும் செய்தது.

அப்படியானால் உன் முடிவு என்ன என்று கேட்டார். புத்தகம் அரிசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "நான் சொல்கிறேன். பத்து நாள்" என்றார். காய்ச்சல் விட்டுப் பத்து நாள் முழுதாகக் கழிந்த பிறகுதான் சோறு. ஏன் பத்து என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவரே சொன்னார். அவருக்குக் கற்றுக்கொடுத்த வெள்ளைக்கார டாக்டர் பத்து என்பார். அந்த வெள்ளைக்காரருக்கு யார் சொன்னார்கள் என்பதைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

பிறகு வாழைப்பழக் கதையைச் சொன்னார். அவர் மாணவராக இருந்தபோது டைபாய்டில் தேறிக்கொண்டிருந்த ஒரு ஆளுக்கு உறவுக்காரர் ஒருவர் ஒரே ஒரு வாழைப்பழம் கொடுத்தாராம். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடல் ஓட்டையாகி ஆள் போய்விட்டாராம். இந்தக் கதையை எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கு முந்தின வகுப்புக்கு அது கொய்யாப்பழமாக இருந்தது, அதற்கும் முந்தின வகுப்புக்கு உளுந்து வடையாக இருந்தது. ஆறு மணி மட்டும் மாறவில்லை.

அந்தப் பத்து நாள் கணக்கு, காய்ச்சல் நான்கு வாரம் எரிந்து குடல் புண்ணாகிக் கிடந்த காலத்துக் கணக்கு. இப்போது காய்ச்சல் ஐந்து நாளில் விடுகிறது. பழைய கணக்கு இதற்கும் பொருந்துமா என்பதுதான் உண்மையான கேள்வி. அது எனக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் தோன்றியது. பஸ்ஸில் இருந்த யாரிடமும் கேட்க முடியவில்லை.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் பேண்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். இங்கிலீஷ் பாட்டுகள் வாசித்துப் பழக்கம் இருந்ததால் எண்கள் அவருக்குப் புரியும். "டென்னுன்னா பத்துதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

நாலு மணிக்கு அவர் மனைவி வருவார். கன்டோன்மெண்டில் ஒரு பங்களாவில் சமையல் வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். போகும்போது டிரம்பெட் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் துடைத்துவிட்டு, கையோடு எடுத்துக்கொண்டு போவார். மறுநாள் நாலு மணிக்குக் கொண்டுவந்து மறுபடி அடியில் வைப்பார். பித்தளை கறுக்காமல் இருக்கப் பாலிஷ் போடுவதாகச் சொன்னார். புருஷனின் தொழில் மேல் இவ்வளவு அக்கறையா என்று நாங்கள் மாணவிகள் எல்லோரும் வியந்தோம்.

சனிக்கிழமை எடை பார்க்கும் நாள். பேண்டுக்காரரின் எடை மூன்று பவுண்டு கூடியிருந்தது. எடை இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்து ஹவுஸ் சர்ஜன் தானே ஏறி நின்று பார்த்தார். இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. மறுபடி புரொபசர் வந்தபோது சார்ட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பார்லித் தண்ணீரின் அருமையை இந்தக் காலத்து டாக்டர்கள் மறந்துவிட்டார்கள் என்று கால் மணி நேரம் பேசினார். நாங்கள் எல்லோரும் எழுதிக்கொண்டோம். என் நோட்டில் அந்தப் பக்கம் வெகுநாள் இருந்தது. பார்லி என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ரவுண்ட்ஸில் எதிர்பாராத ஒன்று நடந்தது. பதினாலாம் படுக்கைக்கு வந்ததும் அசிஸ்டன்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்தப் புதிய கேப்சூலோடு இப்போதெல்லாம் மற்ற இடங்களில் மூன்றாம் நாளே குழைந்த சோறு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று புரொபசரிடம் மிகப் பணிவாகச் சொன்னார். புரொபசர் எந்த இடங்களில் என்றார். பல இடங்களில் என்றார் இவர். புரொபசர் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

எனக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் பதில் கிடைத்துவிட்டது. எங்கே படித்தீர்கள், அந்தப் பத்திரிகையை நானும் படிக்கலாமா என்று மறுநாள் காலையில் அசிஸ்டன்டிடம் போய்க் கேட்டேன். அவர் படித்தேன் என்று சொல்ல முடியாது, பொதுவாகவே இப்போது பேச்சு அப்படித்தான் என்றார். நான் நகரவில்லை. லண்டனில் அவர் கற்றுக்கொண்டு வந்தவற்றில் பொய் சொல்லாமல் இருப்பதும் ஒன்று என்று நினைக்கிறேன். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, மருந்துக் கம்பெனி ஆள் சொன்னார் என்றார்.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியை எங்கள் எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் டை, கையில் தோல் பை, வாயில் எப்போதும் புன்னகை. வாரத்தில் மூன்று நாள் வெளியே படிக்கட்டில் காத்துக்கொண்டு நிற்பார். டாக்டர்கள் அவரிடம் நின்று பேச நேரமில்லாதவர்கள் போல நடப்பார்கள், பிறகு தூணுக்குப் பின்னால் போய் நின்று கால் மணி நேரம் பேசுவார்கள். எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி. புத்தகத்தில் பார்க்க வெட்கப்படுகிற எதையும் அவரிடம் கேட்கலாம். அவர் டாக்டர் இல்லையாதலால் அவரிடம் கேட்பது தெரியாமல் கேட்பதாக ஆகாது.

மாணவி ஒருத்தி தன்னிடம் கேள்வி கேட்டது அவருக்கு அதிசயமாக இருந்தது. முதலில் தன் கம்பெனியின் புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மூன்றாம் நாள் சோறு கொடுக்கிற இடம் உங்கள் வார்டுதான் மேடம், உங்கள் ஹவுஸ் சர்ஜன்தான் சொன்னார் என்றார். இந்தச் செய்தியை அசிஸ்டன்டிடம் மட்டுமல்ல, நகரத்தில் இன்னும் எட்டுப் பத்து டாக்டர்களிடமும் சொல்லிவிட்டதாகவும், எல்லோரும் ரொம்ப ஆர்வமாகக் கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார்.

ஹவுஸ் சர்ஜனைத் தேடிப் பிடித்தேன். அவர் ஒப்புக்கொண்டார். பார்லித் தண்ணீரில் மூன்று பவுண்டு ஏறாது என்பது அவருக்குச் சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. அப்படியானால் யாரோ சோறு போட உத்தரவு கொடுத்திருக்க வேண்டும். புரொபசருக்குத் தெரியாமல் மூன்றாம் நாளே அசிஸ்டன்ட்தான் கொடுத்திருப்பார், லண்டன் போய் வந்தவர் அல்லவா என்று இவரே முடிவு செய்துகொண்டு, பேச்சுவாக்கில் படிக்கட்டில் சொல்லியிருக்கிறார். அசிஸ்டன்ட் அப்படி எந்த உத்தரவும் கொடுக்கவில்லை என்று நான் சொன்னதும் அவருக்கு முதல் முறையாகத் தூக்கம் கலைந்தது.

மிச்சம் இருந்தது பதினாலாம் படுக்கை. நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை, நான் மட்டும் போனேன். நாலேகால் மணி. மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து, தினமும் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்த டிரம்பெட் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு வெல்வெட்டில் டிரம்பெட்டுக்காகக் குழித்திருந்த இடத்தில் ஒரு தூக்குப் பாத்திரம் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. டிரம்பெட் பழந்துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பாதி காலியாகிவிட்ட தயிர்சாதம். ஓரத்தில் மிளகாய்கூட இல்லை. அந்த அம்மாவுக்கு அந்த அளவு ஜாக்கிரதை இருந்தது.

மனைவி என் காலைப் பிடிக்க வந்தார். பேண்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ஜொரம் எறங்கின மறுநாளே ஆரம்பிச்சிட்டேன்மா."

"அப்படின்னா என்கிட்ட சோறு எப்போன்னு ஏன் கேட்டீங்க? அதுக்கு முந்தின நாளே சாப்பிட்டாச்சே."

"சாப்ட்டது தப்பா சரியான்னு தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன். அத்தனை பேர் வந்து பாத்தீங்க. ஒருத்தரும் சொல்லலயே" என்றார்.

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. முகத்தில் உண்மையான கவலை இருந்தது. எட்டு நாளாகத் தன் குடலையே பணயம் வைத்துத் தின்றுகொண்டு, சரியா தப்பா என்று சொல்ல ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குக் கிடைத்தது நான்.

அப்போது பின்னால் வார்டு சிஸ்டரின் குரல் கேட்டது. பிரேசர் டவுனைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி, இருபது வருஷ சர்வீஸ், டாக்டர்களே அவருக்கு வழிவிட்டு நடப்பார்கள். பெட்டியை மூடு என்றார். மூடினேன். தினமும் அவன் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் நான் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன், மலத்தைப் பார்க்கிறேன், நாடி எண்ணுகிறேன், எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் காட்டுவேன், யாரும் கேட்கவில்லை என்றார். முதல் நாள் பதினைந்து அவுன்ஸ் பார்லித் தண்ணீரைக் கொண்டுபோய் வாஷ் பேசினில் ஊற்றிய ஆளை என்ன செய்வது என்று தனக்கும் தெரியாது என்று அவர் சொன்னார். அந்த வார்த்தையை அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒருவர் வாயிலிருந்து நான் முதல் தடவை கேட்டது அன்றைக்குத்தான்.

இதை யாரிடம் சொல்வது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. சொன்னால் பேண்டுக்காரரைத் திட்டி வெளியே அனுப்புவார்கள், சிஸ்டர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் பெங்களூரில் எட்டுப் பத்து டாக்டர்கள் ஒரு டிரம்பெட் பெட்டியை நம்பி வைத்தியம் செய்வார்கள். ஹவுஸ் சர்ஜனிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் எடை இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஹோக்லி பிடு" என்றார். போகட்டும் விடு என்று அர்த்தம். நானும் விட்டுவிட்டேன். பயந்தேன் என்பதுதான் நிஜம். தினமும் நாலு மணிக்குப் போய் அவர் வயிற்றை மட்டும் அழுத்திப் பார்த்துக்கொண்டேன். குடல் ஓட்டையானால் வயிறு கல்லாகிவிடும். மெத்தென்றுதான் இருந்தது.

வியாழக்கிழமை புரொபசர் தன் முடிவை அறிவித்தார். யோசித்துப் பார்த்ததில், புதிய கேப்சூலோடு பழைய பத்து நாள் தேவையில்லை, சீக்கிரமே சோறு கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அன்றைக்குக் காய்ச்சல் விட்டுப் பத்தாவது நாள். இதை யாரும் கவனிக்கவில்லை, கவனித்தவர்கள் சொல்லவில்லை.

சமையலறையிலிருந்து வெள்ளைத் துணி போட்டு மூடிய ஒரு கிண்ணம் வந்தது. அதில் கஞ்சி போலக் குழைந்த சோறு மூன்று ஸ்பூன். மாணவர்கள் பத்துப் பேரும் சுற்றி நின்றோம். புரொபசர் தன் கையாலேயே முதல் ஸ்பூனைக் கொடுத்தார். பேண்டுக்காரர் அதை வாங்கிக் கண்ணை மூடி மென்று விழுங்கினார். நான் பார்த்த மேடை நடிகர்களில் பாதிப் பேருக்கு அந்தத் திறமை கிடையாது. எப்படி இருக்கிறது என்று புரொபசர் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். "உப்பு இல்லீங்க" என்றார். நன்றாக இருக்கிறதாம் சார் என்று மொழிபெயர்த்தேன்.

சனிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அந்த ஊர்வலம் எங்கள் தெருவழியாகத்தான் போனது. வாசலில் நின்று பார்த்தேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது, ஆனால் ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊதுவதை நிறுத்தாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, ஓடிப்போய் மறுபடி சேர்ந்துகொண்டார்.

அடுத்த மாதம் டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் புரொபசர் டைபாய்டும் ஆகாரமும் பற்றிப் பேசினார். எங்கள் வார்டின் அனுபவத்தில் என்று அவர் ஒவ்வொரு தடவை சொன்னபோதும் ஹவுஸ் சர்ஜன் என் பக்கம் திரும்பாமல் இருக்கப் பாடுபட்டார். கைதட்டல் நீண்ட நேரம் இருந்தது. பிரதிநிதி பின்வரிசையில் நின்று குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நகரமெங்கும் மூன்றாம் நாள் சோறு என்பது சாதாரணமாகிவிட்டது.

மழைக்காலத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் டைபாய்டோடு வந்து சேர்ந்தார். கேப்சூல் கொடுத்து, காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் முறைப்படி சோறு கொடுத்தோம். நான்காம் நாள் மலத்தில் ரத்தம் போனது. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஐந்தாறு நாள் நாங்கள் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நான் சிஸ்டரின் அறையில் போய் உட்கார்ந்து, நான் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். சோறு கொடுக்காவிட்டாலும் ரத்தம் போயிருக்கலாம், தெரியாது என்று அவர் சொன்னார். வாத்தியார் பிழைத்துக்கொண்டார். சோற்றினால்தான் அப்படி ஆனதா என்று நேராகக் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். இல்லை என்று அசிஸ்டன்ட் சொன்னார், ஆமாம் என்று புரொபசர் சொன்னார். அடுத்த நாளிலிருந்து மறுபடி பத்து நாள் ஆயிற்று. வாழைப்பழக் கதையோடு வாத்தியார் கதையும் சேர்ந்துகொண்டது. அதையும் பிரதிநிதி எடுத்துக்கொண்டு போனார்.

இறுதிப் பரீட்சைக்கு வாய்மொழித் தேர்வில் மெட்ராஸிலிருந்து ஒரு வெளி எக்ஸாமினர் வந்திருந்தார். சிறிய உருவம், தடித்த மூக்குக் கண்ணாடி, நெற்றியில் சந்தனம். எங்கள் புரொபசர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இதயத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், சொன்னேன். பிறகு மெட்ராஸ்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, டைபாய்டு நோயாளிக்கு எப்போது சோறு கொடுப்பாய் என்று கேட்டார்.

பத்து நாள் என்றால் புரொபசருக்குப் பிடிக்கும். மெட்ராஸில் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே காத்திருந்த பையன்கள் அதைப் பிரதிநிதியிடம் கேட்டு வைத்திருந்திருப்பார்கள், நான் கேட்கவில்லை.

"தெரியாது சார்" என்றேன்.

புரொபசர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெட்ராஸ்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். மேலே சொல் என்றார். ஒரு ஆள் இரண்டாம் நாளிலிருந்தே சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன், இன்னொருவருக்கு மூன்றாம் நாள் கொடுத்து ரத்தம் போனதையும் பார்த்திருக்கிறேன், இரண்டு பேரை வைத்து எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, படித்த புத்தகத்தில் அரிசி இல்லை என்றேன். ஐந்து வருஷப் படிப்பு போயிற்று என்று நினைத்தேன்.

மெட்ராஸ்காரர் மேஜை மேல் முன்னால் சாய்ந்தார்.

"அந்த ரெண்டாம் நாள் ஆசாமி, தினம் எவ்வளவு சாப்பிட்டான்?" என்று தமிழில் கேட்டார்.

"ஒரு தூக்குப் பாத்திரத்தில் முக்கால் சார். தயிர்சாதம்."

அவர் பென்சிலை எடுத்து என் மதிப்பெண் தாளின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் புரொபசரிடம் திரும்பி, நீங்கள் இங்கே பத்து நாள் வைப்பது எதனால் என்று கேட்டார். புரொபசர் அந்த இரண்டாம் நாள் ஆசாமி யார், எந்த வார்டு என்று என்னைக் கேட்க ஆரம்பித்து, மெட்ராஸ்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் அதைப் பாதியில் விட்டுவிட்டு, தன் வெள்ளைக்கார டாக்டரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மெட்ராஸ்காரருக்கும் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். அவர் பதினாலு நாள் என்பாராம். இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்தது. நான் எதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தையும் மற்றவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. வெளியே போகலாம் என்று பியூன்தான் எனக்குச் சைகை காட்டினான்.

மெடிசினில் பாஸ் செய்தேன்.